பிழையான விடையும் பிள்ளையின் அறிவும்

மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று 52-இலிருந்து 17-ஐக் கழித்து 45 என்று எழுதுகிறது. அதே தாளில் 71-இலிருந்து 38 போக 47 என்றும், 60-இலிருந்து 24 போக 44 என்றும், 68-இலிருந்து 23 போக 45 என்றும் எழுதியிருக்கிறது. நான்கில் ஒன்று சரி, மூன்று தப்பு என்று மதிப்பெண் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். விடைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். நான்கு கணக்கையும் அந்தக் குழந்தை ஒரே முறையில்தான் செய்திருக்கிறது. ஒவ்வொரு தானத்திலும் இருக்கும் இரண்டு இலக்கங்களில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. எது மேலே, எது கீழே என்று பார்க்கவில்லை. ‘சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது’ என்று வகுப்பில் கேட்டதை நம்பி, அதற்கு இசைந்த வழியைத் தானே அமைத்துக்கொண்டிருக்கிறது. கவனக்குறைவு, மந்தம், வீட்டில் படிக்காமை என்று சொல்லப்படும் காரணங்களில் ஒன்றும் இங்கே பொருந்தாது.

குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பது பற்றிக் கடந்த நூறாண்டில் எழுந்த கருத்துகளில் பெரும்பங்கு இத்தகைய விடைகளைப் பொறுமையாக ஆராய்ந்ததில் பிறந்தவை. குழந்தை வெற்றுப் பலகையாகப் பள்ளிக்கு வருவதில்லை. உலகம், எண், எழுத்து ஆகியவை பற்றித் தனக்கென ஒரு விளக்கத்தோடு வருகிறது. கற்பித்தல் அந்த விளக்கத்தைத் தொடாவிட்டால் அதன் மேல் ஒட்டாமல் வழுக்கிப் போய்விடும் என்பதே அவற்றின் சாரம். தவறான விடைதான் அந்த விளக்கம் வெளியே தெரியும் இடம். இதை ஏற்றால் பாடம் நடத்தும் முறை, தேர்வு, ஆசிரியர் பயிற்சி ஆகிய மூன்றுமே மாற வேண்டியிருக்கும்.

பழைய முறைகள் தவறை வேறு விதமாகப் பார்த்தன. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பாடம் உரக்கச் சொல்லி மனத்தில் ஏற்றப்பட்டது. தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிவைத்த கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் காட்டுகிறது. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியவற்றை மாணவன் ஒப்பிக்க, உபாத்தியாயரோ சட்டாம்பிள்ளையோ கேட்டார். பிழை அந்தக் கணமே காதில் விழுந்தது, உடனே திருத்தப்பட்டது, பல நேரம் தண்டிக்கவும் பட்டது. ஒவ்வொரு பிள்ளையின் குரலும் நாள்தோறும் கேட்கப்பட்டது என்பது அந்த முறையின் மறுக்க முடியாத சிறப்பு. ஆனால் பிழை ஏன் வந்தது என்று கேட்க அதில் இடமில்லை. மனப்பாடம் ஒன்றே அளவுகோலாக இருக்கும்போது பிழை என்பது மறதி மட்டுமே.

இருபதாம் நூற்றாண்டின் நடத்தைவாத உளவியலும் ஏறத்தாழ இதே முடிவுக்கு வேறு வழியில் வந்தது. பி. எஃப். ஸ்கின்னர் 1950-களில் கற்பிக்கும் எந்திரத்தை உருவாக்கியபோது, மாணவர் தவறே செய்யாதபடி பாடத்தை மிகச் சிறிய படிகளாக நறுக்கித் தரவேண்டும் என்றார். சரியான விடைக்கு உடனே ஊக்கம், தவறுக்கு வாய்ப்பே இல்லை. மரியா மாண்டிசோரி இதற்கு முன்பே இன்னொரு வழியைக் காட்டியிருந்தார். 1907-இல் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், பொருள்களே தவறைக் காட்டிக்கொடுத்தன. உருளைகளைக் குழிகளில் பொருத்தும்போது ஒன்று மாறிப்போனால் கடைசி உருளை எந்தக் குழியிலும் அடங்காது. பெரியவர் யாரும் ‘தப்பு’ என்று சொல்லவேண்டியதில்லை. அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். தவறைக் கண்டு அஞ்சாத வகுப்பறை என்ற எண்ணம் தமிழகத்துக்கு நேராக வந்துசேர்ந்தது அப்போதுதான்.

தவறான விடைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியை முறையாகக் கேட்டவர் ஜான் பியாஜே. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இவர் 1896-இல் பிறந்தவர். உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1919-இல் பாரிஸ் சென்று, பினேயோடு சேர்ந்து அறிவுத்திறன் அளவையை உருவாக்கிய சிமோனின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆங்கிலத்தில் இருந்த சில தேர்வு வினாக்களைப் பிரெஞ்சுக் குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்து, எந்த வயதில் எத்தனை பேர் சரியாகச் சொல்கிறார்கள் என்று எண்ணுவது அவருக்குத் தரப்பட்ட பணி. எண்ணிக்கையை விடத் தவறுகள் அவரை ஈர்த்தன. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே வகைத் தவற்றைச் செய்தார்கள். சில ஆண்டுகள் வளர்ந்தவர்கள் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. வேறு வகைத் தவற்றைச் செய்தார்கள். குழந்தைக்கு அறிவு குறைவு என்பதை விட, அது வேறு முறையில் சிந்திக்கிறது என்று கொள்வதே பொருத்தமாக இருந்தது. தேர்வு நடத்துவதை விட்டுவிட்டு, விடைக்குப் பின் ‘அது எப்படித் தெரிந்தது?’ என்று தொடர்ந்து கேட்கும் உரையாடல் முறையை அவர் கைக்கொண்டார். உளவியலுக்கு அவர் அளித்த கொடைகளில் ஆசிரியருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது இந்த ஒரு கேள்விதான்.

அவருடைய புகழ்பெற்ற சோதனை ஒன்று எல்லா ஆசிரியர் பயிற்சி நூல்களிலும் உண்டு. இரு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகள் வைக்கப்படுகின்றன. குழந்தை இரண்டும் சமம் என்கிறது. ஒரு வரிசையை அகலப் பரப்பியதும் அதில்தான் அதிகம் இருக்கிறது என்று ஐந்து வயதுக் குழந்தை சொல்லிவிடுகிறது. இதைக் கொண்டு, அந்த வயதில் எண்ணின் மாறாமை புரியாது என்று பியாஜே முடிவு செய்தார். அந்த முடிவு முழுமையானதன்று என்பதை எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சனும் அவரோடு பணியாற்றிய மக்காரிகிளும் 1970-களில் காட்டினார்கள். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே வரிசையைப் பரப்புவதற்குப் பதிலாக, ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை வந்து விளையாட்டைக் கெடுப்பதுபோல வரிசையைக் கலைத்தது. இப்போது பெரும்பான்மைக் குழந்தைகள் எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்னார்கள். முதல் சோதனையில், பெரியவர் ஒன்றைச் செய்துவிட்டு அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டதால், விடையும் மாறவேண்டும் போலும் என்று குழந்தை கருதியிருக்கிறது. பிழை வில்லைகளைப் பற்றியதாக இல்லாமல் கேட்பவரின் எண்ணத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம். வகுப்பில் ஆசிரியர் ‘சரியாப் பாத்துச் சொல்லு’ என்றதும் சரியான விடையை மாற்றிச் சொல்லிவிடும் பிள்ளைகளை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள்.

எழுத்துக் கற்றலில் பிழையின் பொருள் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. எமிலியா ஃபெரேரோ பியாஜேயிடம் பயின்ற அர்ஜென்டினா ஆய்வாளர். அவரும் அனா டெபரோஸ்கியும் 1979-இல் வெளியிட்ட நூல், பள்ளியில் எழுத்துக் கற்பதற்கு முன்பே குழந்தைகளுக்கு எழுத்தைப் பற்றிய கருத்துகள் இருப்பதைக் காட்டியது. ஒரே ஓர் எழுத்து இருந்தால் அதைப் படிக்க முடியாது, குறைந்தது மூன்று வேண்டும் என்று பல குழந்தைகள் சொன்னார்கள். பிறகு ஓர் அசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் எழுதினார்கள். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைக் கடைசியில்தான் கண்டடைந்தார்கள். அமெரிக்காவில் சார்ல்ஸ் ரீட் 1971-இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளி செல்லாத குழந்தைகள் தாமாகப் புனைந்து எழுதிய எழுத்துக்கூட்டல்களை எடுத்துக்கொண்டது. ‘ட்ரக்’ என்ற சொல்லைச் ‘ச்ரக்’ என்பதுபோல் அவர்கள் எழுதினார்கள். ஆங்கிலம் பேசுவோர் வாயில் அந்த ஒலி உண்மையில் அப்படித்தான் பிறக்கிறது; எழுதிப் பழகிய பெரியவர்களுக்கு அது கேட்பதில்லை.

தமிழ்க் குழந்தையின் நோட்டுக்கு இது அப்படியே பொருந்தும். ‘காற்று’ என்பதற்குக் ‘காத்து’ என்றும், ‘நேற்று’ என்பதற்கு ‘நேத்து’ என்றும், ‘ஐந்து’ என்பதற்கு ‘அஞ்சு’ என்றும் எழுதும் இரண்டாம் வகுப்புக் குழந்தை, தமிழ் எழுத்து முறையின் அடிப்படையைக் கற்றுக்கொண்டுவிட்டது. காதில் விழும் ஒலியைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எழுத்தைக் குறைவில்லாமல் இட்டிருக்கிறது. அதற்குத் தெரியாதது பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. இந்தக் குழந்தையையும், ‘காற்று’ என்பதற்குக் ‘காறு’ என்று ஒற்றை விட்டு எழுதும் குழந்தையையும், எழுத்தே அடையாளம் தெரியாமல் கிறுக்கும் குழந்தையையும் ஒரே சிவப்புக் கோட்டால் அடிப்பது, நோய் மூன்றாக இருக்க மருந்தை ஒன்றாகக் கொடுப்பதற்கு ஒப்பாகும். முதல் குழந்தைக்கு வேண்டியது, வீட்டில் இப்படிச் சொல்கிறோம், புத்தகத்தில் இப்படி எழுதுகிறோம் என்று இணை இணையாகக் காட்டும் பயிற்சி. இரண்டாவது குழந்தைக்கு வேண்டியது, நின்று ஒலிக்கும் மெய்யைக் கேட்டுப் பிரிக்கும் பயிற்சி. மூன்றாவது குழந்தை இன்னும் எழுத்தை அறியும் நிலையிலேயே இருக்கிறது.

ழகரமும் அப்படியே. வாழைப்பழத்தை ஒரு பகுதியில் ‘வாளப்பளம்’ என்கிறார்கள், சென்னையில் ‘வாயப்பயம்’ என்பதும் உண்டு. பிள்ளையின் எழுத்துப்பிழை பல நேரம் அதன் ஊரைச் சொல்லும். எகர, ஏகார, ஐகார உயிர்மெய்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘கெ’ என்று சொல்லும்போது ககர ஒலி முதலில், எகர ஒலி பின்னால். எழுதும்போது கொம்பு முன்னால் வந்துவிடுகிறது. ஒலியின் வரிசைப்படியே கையை நகர்த்தும் குழந்தை கொம்பைப் பின்னால் போட்டால், அதன் காது சரியாக வேலை செய்கிறது என்று பொருள். இதையெல்லாம் அறிந்த ஆசிரியர் திருத்தாமல் விடுவதில்லை. எதைத் திருத்த வேண்டும் என்று அறிந்து திருத்துகிறார்.

கணக்கில் ஆய்வுகள் மிகுதி. இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட கழித்தல் பிழையை ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் விரிவாக ஆராய்ந்தார்கள். கழித்தல் ஒன்றில் மட்டுமே பல பத்து வகையான ஒழுங்கான பிழைகள் இருப்பதை அவர்கள் கணினி கொண்டு பட்டியலிட்டார்கள். பூஜ்யத்திலிருந்து எதையும் கழித்தால் பூஜ்யம் என்று கொள்வது ஒரு வகை. கடன் வாங்கிவிட்டு அடுத்த தானத்தில் ஒன்றைக் குறைக்காமல் விடுவது இன்னொரு வகை. ஒரு மாணவரின் பிழைவிதியைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் அடுத்த கணக்கில் எந்தத் தவறான விடையை எழுதுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடிந்தது.

‘நூற்றைந்து’ என்று சொல்லி எழுதச் சொன்னால் 1005 என்று எழுதும் குழந்தைகள் தமிழகத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஏராளம். முதலில் நூறு, பிறகு ஐந்து, சொன்னபடியே எழுதியிருக்கிறார்கள். பழைய தமிழ் எண் குறிகளில் நூற்றைந்து ௱௫ என்றே எழுதப்பட்டது. நூறுக்கு ஒரு குறி, அதன் பக்கத்தில் ஐந்துக்கு ஒரு குறி, பூஜ்யம் இல்லை. தமிழ்நாட்டுக் கணக்கர்கள் பல நூற்றாண்டு காலம் கையாண்ட கொள்கையைத்தான் அந்தக் குழந்தை தானாகக் கண்டடைந்திருக்கிறது. தானமதிப்பு என்பது மனிதகுலம் காலம் கடந்து கண்ட நுட்பம். அதை ஒரு வாரத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளவில்லை என்று கோபப்பட நியாயமில்லை. கட்டுக்குச்சிகளையும் தனிக்குச்சிகளையும் கொடுத்து, நூறின் பூஜ்யங்கள் மேல் ஐந்து போய் அமரும் முறையைக் காட்டும் ஆசிரியர் சரியான இடத்தில் கைவைக்கிறார்.

தசமப் பின்னத்தில் 0.45, 0.5 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பலர் 0.45 என்பார்கள். 45 பெரியது, 5 சிறியது. ரூபாயும் பைசாவும் புள்ளியின் இரு பக்கமும் தனித்தனி எண்களாகவே வாசிக்கப்படுகின்றன. கிரிக்கெட்டில் 4.5 ஓவருக்கு அடுத்தது 5 ஓவர். புள்ளி இரண்டு எண்ணிக்கைகளைப் பிரிக்கும் வேலி என்ற கருத்துக்கு அன்றாட வாழ்வே சான்று தருகிறது. லாரன் ரெஸ்னிக்கும் பிறரும் அமெரிக்கா, பிரான்ஸ், இஸ்ரேல் ஆகிய மூன்று நாட்டுக் குழந்தைகளிடம் இந்தப் பிழையை ஆராய்ந்து 1989-இல் வெளியிட்டார்கள். இதில் எச்சரிக்கை ஒன்று அடங்கியிருக்கிறது. அதே குழந்தையிடம் 0.65, 0.4 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் அது 0.65 என்று சரியாகச் சொல்லும். காரணம் அதே தவறான எண்ணம்தான். சரியான விடைக்குப் பின்னாலும் பிழை ஒளிந்திருக்க முடியும். வினா அதற்கேற்ப அமையாவிட்டால் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும் அது தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது.

இதற்குக் கல்வி ஆய்வில் தவிர்க்க முடியாத சான்று, ஸ்டான்லி எர்ல்வாங்கர் 1973-இல் வெளியிட்ட பென்னி என்ற சிறுவனைப் பற்றிய ஆய்வு. பென்னி அமெரிக்காவில் ஆறாம் வகுப்பில் படித்த 12 வயதுப் பையன். அவனுடைய பள்ளியில் ஒவ்வொரு மாணவரும் தன் வேகத்தில் தாள்களைச் செய்து, விடைப்பட்டியலோடு ஒப்பிட்டு, 80 விழுக்காடு பெற்றால் அடுத்த படிக்குப் போகும் தனிநிலைக் கற்றல் முறை நடைமுறையில் இருந்தது. பென்னி வேகமாக முன்னேறினான். நன்றாகக் கணக்குச் செய்யும் மாணவர்களில் ஒருவனாக ஆசிரியர் அவனைக் கருதினார். எர்ல்வாங்கர் உட்கார்ந்து பேசியபோது, 2/10 என்பதைத் தசமமாக எழுதச் சொன்னால் பென்னி 1.2 என்றான். தொகுதியையும் பகுதியையும் கூட்டி, ஒரு புள்ளியை இடையில் வைத்திருந்தான். 5/10 அவனுக்கு 1.5, அதைத் திருப்பிப் போட்டாலும் 1.5. புள்ளி மூன்றோடு புள்ளி நான்கைக் கூட்டினால் 0.07. கணக்கு என்பது யாரோ வகுத்த எண்ணற்ற விதிகளின் கூட்டம், விடைப்பட்டியல் எதை ஏற்கிறதோ அதைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று அவன் நம்பினான். இரண்டாம் வகுப்பிலிருந்து நான்காண்டுக்கு மேல் அந்த முறையில் படித்தும், ‘எப்படிச் செய்தாய்?’ என்று அவனை யாரும் கேட்டிருக்கவில்லை. முறை நன்றாக ஓடியது, பையன் ஏறிக்கொண்டே போனான், கணக்கு மட்டும் அவனுக்குள் போகவில்லை.

பென்னிக்கு நேர் எதிரான பிள்ளைகளும் உண்டு. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர்களைத் தெரெசின்யா நூனஸும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1985-இல் எழுதினார்கள். ஒரு தேங்காய் 35 குருசேரோ என்றால் பத்துக்கு எவ்வளவு என்று 12 வயதுப் பையனிடம் கேட்டபோது, மூன்று 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, பிறகு இன்னும் நான்கு என்று மனத்துக்குள் கூட்டி 350 என்று சொல்லிவிட்டான். தெருவில் இத்தகைய கணக்குகளில் அவர்கள் 98 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். அதே கணக்குகளை எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் குழந்தைகளிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதிசெய்தது. பள்ளிப் பிள்ளைகளிடம் அது மறுபக்கத்தையும் கண்டது; தாளில் கணக்குப் போட்டவர்கள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். நோட்டில் பிழை செய்யும் காய்கறிக்கடைக்காரர் மகளுக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டும் பள்ளி, அவளிடம் இருக்கும் முதலைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் வீணாக்குகிறது.

அறிவியலில் தவறான கருத்துகள் நீண்ட காலம் நிலைத்து நிற்பவை. ஸ்டெல்லா வோஸ்னியாடுவும் வில்லியம் ப்ரூவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், பூமி உருண்டை என்று சொன்ன தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் பலர், உள்ளே குடைந்த உருண்டையின் தட்டையான தளத்தில் மனிதர்கள் வாழ்வதாகக் கருதினார்கள். வேறு சிலருக்கு வானத்தில் ஓர் உருண்டைப் பூமி, காலடியில் ஒரு தட்டைப் பூமி என இரண்டு இருந்தன. காணும் தட்டை நிலத்தையும் ஆசிரியர் சொன்ன உருண்டையையும் ஒருசேரக் காப்பாற்ற அவர்கள் செய்த ஏற்பாடு அது. ஹைதராபாத்தில் இதே முறையில் கேட்டபோது, பூமி நீரில் மிதப்பதாகச் சொன்ன குழந்தைகள் இருந்தார்கள். வீட்டில் கேட்ட கதைகளும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்துகொள்கின்றன. கவனிக்கப்படாவிட்டால் இவை பட்டம் பெற்ற பிறகும் போவதில்லை. 1987-இல் எடுக்கப்பட்ட ஆவணப்படம் ஒன்றில், ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவில் 23 பேரிடம் பருவ மாற்றத்துக்கோ நிலவின் பிறைகளுக்கோ காரணம் கேட்கப்பட்டது. 21 பேர் தவறாக விளக்கினார்கள்.

இவ்வளவும் கண்டறிந்த பின் வகுப்பில் செய்யவேண்டியது என்ன? ஜப்பானில் இதாகுரா கியோனோபு 1963-இல் தொடங்கிய கருதுகோள்–சோதனை வகுப்பு ஒரு நல்ல விடை. எடை பற்றிய பாடத்தில், எடைபார்க்கும் கருவி மீது இரண்டு காலில் நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது, குந்தி உட்கார்ந்து உடலை இறுக்குவது ஆகியவற்றில் எப்போது எடை அதிகம் காட்டும் என்று வினா தரப்படுகிறது. ஒவ்வொருவரும் ஒரு விடையைத் தேர்ந்து கை தூக்குகிறார்கள். எண்ணிக்கை பலகையில் எழுதப்படுகிறது. பிறகு காரணம் சொல்லி வாதாடுகிறார்கள்; மனம் மாறியவர்கள் விடையை மாற்றிக்கொள்ளலாம். ஆசிரியர் எந்தப் பக்கமும் சேராமல் இருக்கிறார். கடைசியில் கருவியில் ஏறிப் பார்க்கிறார்கள். தன் எண்ணத்தை வெளியே சொல்லி, அதற்காக வாதாடிய பிள்ளைக்குச் சோதனையின் முடிவு சும்மா ஒரு செய்தியாக இருக்காது. மிக உறுதியாக நம்பிய தவறு திருத்தப்பட்டால் அந்தத் திருத்தம் மனத்தில் நன்றாக நிற்கிறது என்று பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001-இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வு கூறுகிறது.

ஆசிரியரிடம் ஏற்படும் மாற்றத்தின் வலிமையை அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு காட்டியது. தாமஸ் கார்ப்பெண்டர், எலிசபெத் ஃபென்னமா முதலியோர் முதல் வகுப்பு ஆசிரியர்கள் 40 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, கூட்டல், கழித்தல் கணக்குகளைக் குழந்தைகள் தாமாக எந்த எந்த வழியில் செய்கிறார்கள் என்பதை மட்டும் கோடை விடுமுறையில் கற்பித்தார்கள். புதிய பாடநூலோ புதிய கருவியோ தரவில்லை. ஆண்டு முழுவதும் அந்த ஆசிரியர்கள் வாய்பாட்டுப் பயிற்சிக்குக் குறைந்த நேரமும், பிள்ளைகள் தாம் செய்த வழியைச் சொல்ல அதைக் கேட்பதற்கு அதிக நேரமும் செலவிட்டார்கள். 1989-இல் வெளியான முடிவின்படி, அவர்களுடைய மாணவர்கள் கணக்குகளைத் தீர்ப்பதில் மட்டுமின்றி, குறைவாகப் பயின்ற அடிப்படைக் கூட்டல் கழித்தலிலும் மற்ற வகுப்பினரை விட மேலாக இருந்தார்கள்.

திருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவினருக்குக் குறிப்புரை மட்டும், ஒரு பிரிவினருக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களிடம் மதிப்பெண் குறிப்புரையை விழுங்கிவிட்டது. நள்ளிரவு வரை தாள் திருத்தி, ஓரத்தில் அன்போடு எழுதும் ஆசிரியரின் உழைப்பு, மேலே வட்டமிட்ட ஓர் எண்ணால் பாழாகிறது என்பது வருந்தத்தக்க உண்மை.

எல்லாப் பிழையையும் ஒரே தட்டில் வைத்துப் போற்றவேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. பென்சில் பிடிக்கும் முறை, எழுத்தின் வடிவம், வாய்பாட்டில் தடுமாற்றம் ஆகியவற்றுக்குப் பின்னால் ஆழ்ந்த கருத்து எதுவும் பெரும்பாலும் இராது. உடனே காட்டித் திருத்துவதே நல்லது. குழந்தையைத் தனியே விட்டுவிட்டால் அது தானே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்ற நம்பிக்கையும் ஏற்கத்தக்கதன்று. பியாஜே பிறந்த அதே 1896-இல் பிறந்து 37 வயதில் காசநோயால் மறைந்த ரஷ்யர் லெவ் வைகாட்ஸ்கி, குழந்தை தனியாகச் செய்யக்கூடியதற்கும் பெரியவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பகுதியில்தான் கற்பித்தல் நிகழவேண்டும் என்றார். பிழை அந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று காட்டுகிறது. அங்கிருந்து அழைத்துச் செல்வது ஆசிரியரின் வேலை.

தமிழகத்தில் இந்தக் கருத்துகளுக்கு மிக அருகே வந்த பெருமுயற்சி செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி கல்வி மையம் கிராமப்புறப் பள்ளிகளுக்காக உருவாக்கிய கற்றல் ஏணி முறையை முன்மாதிரியாகக் கொண்டு, எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த 2003-இல் 13 பள்ளிகளில் இது தொடங்கியது. 2007–08-இல் மாநிலம் முழுவதும் 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. மேசையும் நாற்காலியும் போய் ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். அட்டைகள், கீழ்மட்டக் கரும்பலகை, படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், குழு அட்டைகள் ஆகியவை வகுப்பறையின் தோற்றத்தையே மாற்றின. விடுப்பில் போன பிள்ளை திரும்பி வந்து விட்ட படியிலிருந்து தொடரலாம் என்பது ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பெரிய நீதி. அரசுப் பள்ளி ஒன்று குழந்தையை இவ்வளவு மதித்தது அதற்கு முன் அரிது.

ஆனால் ஏணிக்குப் பென்னியின் ஆபத்தும் உண்டு. அட்டை முடிந்ததா என்ற கேள்வி, அட்டையில் உள்ளது புரிந்ததா என்ற கேள்வியின் இடத்தைப் பிடித்துக்கொள்வது எளிது. பதிவேட்டில் படி ஏறியிருப்பதைப் பார்க்க வரும் அலுவலரும் முதல் கேள்வியையே கேட்பார். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து அவரவர் நிலையிலிருந்து கற்பிக்க முனைகிறது. வயதை மட்டும் பார்த்து எல்லாருக்கும் ஒரே பாடம் நடத்துவதை விட இது மேலானது. எனினும் நிலை என்பது பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்லுமே ஒழிய, ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்லாது. 1005 என்று எழுதும் பிள்ளையும், எண்ணவே தெரியாத பிள்ளையும் ஒரே அரும்புக் குழுவில் அமர்ந்திருக்கலாம்.

முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் நீண்ட உரையாடல் நடக்காது என்பது உண்மை. அதற்கு வழிகள் இருக்கின்றன. கொள்குறி வினாவில் ஒவ்வொரு தவறான தெரிவும் ஒரு குறிப்பிட்ட பிழைவிதியிலிருந்து வருமாறு அமைத்தால், யார் எதைத் தேர்ந்தார் என்பதே அவருடைய எண்ணத்தைச் சொல்லிவிடும். 52-இலிருந்து 17 போக எவ்வளவு என்பதற்குச் சரியான விடை 35; ஆனால் இலக்கம் மாற்றிக் கழித்தவருக்கு 45, கடன் வாங்கிக் குறைக்காதவருக்கு மறுபடியும் 45 வருவதால், அந்த வினாவே இந்த இருவரையும் பிரித்துக் காட்டாது. 60-இலிருந்து 24 போக என்றாலோ முன்னவருக்கு 44, பின்னவருக்கு 46 வரும். 503-இலிருந்து 168 போக என்று கேட்டாலும் அப்படியே. இலக்கம் மாற்றியவர் 465 என்பார். கடன் வாங்கிக் குறைக்காதவர் 445 என்பார். சரியாகச் செய்தவர் 335 என்பார். இப்படிப்பட்ட ஒரு வினா, கண்டபடி அடுக்கிய இருபது கணக்குகளை விட ஆசிரியருக்கு அதிகம் உதவும்.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் வெளியிடும் ஆசிரியர் கையேடுகளில், ஒவ்வொரு பாடத்துக்கும் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழைகள், அவற்றின் பின்னால் இருக்கக்கூடிய எண்ணங்கள், அவற்றைப் பிரித்தறியும் இரண்டு மூன்று வினாக்கள் ஆகியவை இடம்பெற வேண்டும். அதற்கான செய்திகள் தமிழகத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் அனுபவத்திலும், ஆண்டுதோறும் பழைய தாளாகப் போகும் பிள்ளைகளின் நோட்டுகளிலும் இருக்கின்றன. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் அந்த நோட்டுகளைத் திரட்டி, ஊர் வாரியாகவும் வகுப்பு வாரியாகவும் ஆராயும் பணியைத் தொடங்க வேண்டும். பயிற்சி மாணவர்கள் பாடத்திட்டம் எழுதிப் பழகுவதோடு, ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து ‘இதை எப்படிச் செய்தாய்?’ என்று கேட்டு, அது சொல்வதை இடைமறிக்காமல் கேட்டு எழுதவும் முதல் ஆண்டிலேயே பழக வேண்டும்.